ஏபி யு.எஸ். ஹிஸ்டரி: கோடை விடுமுறையில் எதிலிருந்து தொடங்குவது?

மருதாணி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் செப்டம்பரில் பதினொன்றாம் வகுப்பு போகிறாள், ஏபி யு.எஸ். ஹிஸ்டரி, அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் அமெரிக்க வரலாறு, எடுத்திருக்கிறாள். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்தவள். ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் வினாக்களுக்கு வரி பிசகாமல் எழுதுவாள். ஆனால் அமெரிக்க வரலாறு அவளுக்குப் புதுசு. வகுப்பில் கூடப் படிக்கும் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் இதை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தவர்கள்.

கல்லூரித் தரத்தில் ஒரு தடிப் புத்தகம், வாரம் ஒன்றிரண்டு அத்தியாயம் வீட்டில் வாசித்துவிட்டு வரணும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கட்டுரை எழுதணும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். கையில் பத்து வாரம் இருக்கிறது. எதில் தொடங்கச் சொல்லலாம்? தேதிகளை மனப்பாடம் செய்ய வைக்கலாமா? டிபிக்யூ என்கிறார்களே, அதை இப்போதே பழகணுமா? டியூஷன் அவசியமா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரிசல்காடு:

முதலில் தேர்வின் அமைப்பைப் பாருங்கள். எதைப் படிப்பது என்பது பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

மொத்தம் 3 மணி 15 நிமிடம். முதலில் 55 கொள்குறி வினா, 55 நிமிடம், 40 சதவீதம். அடுத்து மூன்று குறுவிடை, 40 நிமிடம், 20 சதவீதம். அதன்பின் டிபிக்யூ, அதாவது ஏழு ஆவணங்களைக் கொடுத்து அவற்றை வைத்து வாதிடச் சொல்லும் கட்டுரை, 25 சதவீதம். கடைசியாக ஆவணம் இல்லாமல் எழுதும் நெடுங்கட்டுரை, 15 சதவீதம். ஆக, எழுத்துக்கு மட்டும் 60 சதவீதம். மிச்சமுள்ள 40-லும் "இந்தச் சட்டம் எந்த ஆண்டு?" என்ற ரகக் கேள்வி வராது. ஒரு கடிதத் துணுக்கோ கேலிச்சித்திரமோ வரைபடமோ கொடுத்து, அதை ஒட்டி மூன்று நான்கு கேள்வி கேட்பார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடக்கூடாது.

பாடத்திட்டம் 1491-ல் தொடங்குகிறது. கொலம்பஸ் வருவதற்கு முந்தைய ஆண்டு அது. அங்கிருந்து இன்றுவரை ஒன்பது காலப்பகுதிகள். இங்கேதான் கோடையில் பலர் சறுக்குகிறார்கள். தடிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, ஸ்பானியர் வருகை, ஜேம்ஸ்டவுன், ப்ளிமத் என்ற ஆரம்ப ஆங்கிலேயக் குடியேற்றங்கள் என்று அழுத்தமாகப் படித்து, ஆகஸ்ட் முடியும்போது 1700-ஐக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். 1607 வரையிலான முதல் பகுதிக்கு 4 முதல் 6 சதவீதம்தான். 1607 முதல் 1754 வரை 6 முதல் 8. கடைசிப் பகுதியான 1980-க்குப் பிந்தையதற்கும் 4 முதல் 6. நடுவிலுள்ள ஆறு பகுதிகளுக்கு ஆளுக்கு 10 முதல் 17. உழைப்பு போக வேண்டிய இடம் 1754 முதல் 1980 வரை. டிபிக்யூவும் அந்தக் கால எல்லைக்குள்தான் வரும்.

என் யோசனை இது. முதல் வாரம் வரைபடமும் அரசியலமைப்பும் மட்டும். ஐம்பது மாநிலங்களை ஒப்பிக்கத் தேவையில்லை. நியூ இங்கிலாந்து, நடுக் குடியேற்றங்கள், செசபீக் (வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம்), கீழ்த் தெற்கு ஆகிய நான்கும் ஏன் வேறு வேறாக வளர்ந்தன என்று மண், பயிர், உழைப்பாளர்கள், மதம் ஆகியவற்றை வைத்துச் சொல்லத் தெரிந்தால் போதும். வர்ஜீனியாவில் புகையிலை, தென் கரோலினாவில் நெல், மாசசூசெட்ஸில் சிறு பண்ணையும் மீன்பிடியும் கப்பல் கட்டுமானமும். இந்த வேறுபாடு புரியாத பிள்ளைக்கு 1861-ல் உள்நாட்டுப் போர் ஏன் வந்தது என்பது கடைசிவரை பிடிபடாது. மிசிசிப்பி, ஒஹாயோ ஆறுகளும் அப்பலாச்சியன் மலையும் எங்கே இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரியணும். அரசியலமைப்பின் ஏழு பிரிவுகளையும் முதல் பத்துத் திருத்தங்களையும், கூடவே 13, 14, 15-ஐயும் மூலத்திலேயே வாசிக்கட்டும். நீளம் அதிகமில்லை, ஆனால் ஆண்டு முழுக்க அதற்கே திரும்பத் திரும்ப வருவார்கள்.

இரண்டு முதல் ஏழாம் வாரம் வரை, தடிப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு மெல்லிய தொகுப்பு நூல் ஒன்றை ஒரே மூச்சில் முழுதாக வாசிக்கட்டும். வகுப்பில் ஒவ்வொன்றும் விரிவாக வரும்போது, அது எங்கே பொருந்துகிறது என்று தெரிய ஒரு சட்டகம் தேவை. வாசிக்கும்போது கலர் பேனாவால் கோடு போடுவதில் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன மாறியது, ஏன் மாறியது என்று இரண்டே வாக்கியம் சொந்தமாக எழுதணும். மூடிவிட்டு எழுதுவது முக்கியம். திறந்து வைத்து எழுதினால் நகல் எடுப்பதாகிவிடும்.

தேதி மனப்பாடத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கடைசி மூன்று வாரம் எழுத்துப் பயிற்சிக்கு.

வைகறை:

கரிசல்காடு அண்ணா சொன்ன கடைசி மூன்று வாரத்தை நான் விரிக்கிறேன். மருதாணி அக்கா, டிபிக்யூ இந்தத் தேர்விலேயே அதிக எடை உள்ள ஒற்றைக் கேள்வி. வரிக்கு வரி ஒப்பிக்கப் பழகிய பிள்ளைகள் தடுமாறுவதும் இதில்தான். ஏழு ஆவணத்தையும் பார்த்து, "ஆவணம் ஒன்று இப்படிச் சொல்கிறது, ஆவணம் இரண்டு அப்படிச் சொல்கிறது" என்று வரிசையாகச் சுருக்கம் எழுதிவிடுவார்கள். எத்தனை பக்கம் எழுதினாலும் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் அதில் தேறாது.

மொத்தம் 7 மதிப்பெண். தீசிஸுக்கு, அதாவது உங்கள் மைய வாதத்தைச் சொல்லும் வாக்கியத்துக்கு, 1. பின்னணிக்கு 1. ஆவணங்களைப் பயன்படுத்துவதற்கு 2: மூன்று ஆவணத்தின் உள்ளடக்கத்தைத் தலைப்போடு ஒட்டிச் சொன்னால் முதல் மதிப்பெண், நான்கு ஆவணத்தை உங்கள் வாதத்துக்கு ஆதாரமாக நிறுத்தினால் இரண்டாவது. ஆவணங்களில் இல்லாத வெளிச்சான்று ஒன்றுக்கு 1. இரண்டு ஆவணங்களுக்காவது, எழுதியவர் யார், யாருக்காக, எதற்காக, எந்தச் சூழலில் என்பது வாதத்துக்கு ஏன் முக்கியம் என்று விளக்கினால் 1, இதைத்தான் மூல ஆய்வு என்கிறேன். ஆழமான பார்வைக்கு 1. இந்த எண்ணிக்கை 2023-24 கல்வியாண்டில் மாறியது. அதற்கு முந்தைய வழிகாட்டிகளில் ஆறு ஆவணம், மூன்று மூல ஆய்வு என்று இருக்கும். பழைய புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

ஒரு உதாரணம். "ஏழாண்டுப் போர் 1754 முதல் 1776 வரை பிரிட்டனுக்கும் வட அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் இருந்த உறவை எந்த அளவு மாற்றியது?" என்று கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (பிரிட்டனும் பிரான்சும் மோதிய போர் அது.)

"போர் அந்த உறவைப் பல வகையில் மாற்றியது" என்று எழுதினால் தீசிஸ் மதிப்பெண் வராது. கேள்வியையே திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. இப்படி எழுதணும்: "போர் முடிந்த பிறகும் பெரும்பாலான குடியேறிகள் தங்களை பிரிட்டிஷ் குடிமக்களாகவே கருதினார்கள் என்றாலும், போர்க்கடனைச் சமாளிக்க நாடாளுமன்றம் நேரடி வரி விதித்ததும், அப்பலாச்சியனுக்கு மேற்கே குடியேறுவதை 1763 அரச அறிவிப்பு தடுத்ததும் அந்த உறவை அடிப்படையிலேயே மாற்றின." இதில் எந்த அளவு என்பதற்குப் பதில் இருக்கிறது, இரண்டு காரணம் இருக்கிறது, எதிர்ப்பக்கமும் "என்றாலும்" என்ற ஒரே சொல்லில் உள்ளே வந்துவிட்டது. அடுத்த இரண்டு பத்திகளும் எதைப் பற்றி என்று வாசிப்பவருக்கு இங்கேயே தெரிந்துவிடும்.

பின்னணி என்றால் கேள்விக்கு முந்தைய காலத்தை மூன்று நான்கு வாக்கியத்தில் சொல்வது. இங்கே கடல் வணிகச் சட்டங்கள், அவற்றை பிரிட்டன் கண்டிப்பாக அமல்படுத்தாமல் விட்டிருந்தது, அதனால் உள்ளூர்ச் சட்டமன்றங்கள் வரி விஷயத்தில் தாங்களே முடிவெடுக்கப் பழகியிருந்தது. ஒரே வரியில் பெயரை மட்டும் உதிர்த்துவிட்டுப் போனால் மதிப்பெண் கிடைக்காது.

வெளிச்சான்றில் நடக்கும் தப்பு இது: ஆவணங்களில் முத்திரை வரி எதிர்ப்புத் தீர்மானம் ஏற்கனவே இருக்கும், அதையே வெளிச்சான்றாகவும் காட்டுவார்கள். அது செல்லாது. பூர்வகுடித் தலைவர் பான்டியாக்கின் எழுச்சி, 1772-ல் பாஸ்டனில் தொடங்கிய கடிதத் தொடர்புக் குழு என்று ஆவணத்தில் இல்லாத ஒன்றாக இருக்கணும்.

மூல ஆய்வுக்கு வேறொரு ஆவணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஃபிரடெரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5-ஆம் தேதி ராச்செஸ்டரில் ஆற்றிய சுதந்திர தின உரை அடிக்கடி கண்ணில் படும். "டக்ளஸ் அடிமையாக இருந்தவர், அதனால் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறார்" என்று எழுதினால் பூஜ்யம். கூட்டத்தைக் கூட்டியது அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கம். கேட்டவர்கள் ஏற்கனவே அவர் பக்கம். அப்படியென்றால் அவர்களை மனம் மாற்றுவது நோக்கமாக இருக்க முடியாது. இரண்டு ஆண்டுக்கு முன், 1850-ல் வந்த சட்டம் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க வடக்கு மாநிலத்தாரையும் கட்டாயப்படுத்தியது. வடக்கும் இந்தக் குற்றத்தில் பங்காளி, அனுதாபத்தோடு நிற்பது போதாது என்று உணர்த்தத்தான் அவ்வளவு காரமாகப் பேசுகிறார். இப்படி எழுதினால் அந்த ஆவணத்துக்கு மூல ஆய்வு கணக்கில் ஏறும்.

ஆவணம் வாசிக்க 15 நிமிடம், ஒன்றுக்கு இரண்டு நிமிடம். முதலில் கண் போக வேண்டியது அடியில் அல்லது மேலே இருக்கும் மூலக் குறிப்புக்கு: யார், எங்கே, எந்த ஆண்டு. அதன்பின்தான் உள்ளே. வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு சொல்லில் குறிப்பு எழுதி, எந்தப் பத்திக்கு ஆதாரம் என்று ஏ, பி போட்டுக்கொள்ளணும்.

இன்னொன்று. டிபிக்யூவுக்கு 60 நிமிடம், நெடுங்கட்டுரைக்கு 40 என்பது பரிந்துரைதான். இரண்டுக்கும் சேர்த்து 100 நிமிடம் ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். டிபிக்யூவிலேயே 80 நிமிடத்தை விட்டுவிட்டு நெடுங்கட்டுரையில் ஒரு பத்தியோடு எழுந்து வருகிற பிள்ளைகள் நிறைய. வீட்டில் பழகும்போதே கடிகாரம் வேண்டும்.

பனங்காட்டு நரி:

மேலே இருவர் சொன்னதும் சரி. தேதி விஷயத்தில் மட்டும் கரிசல்காடு அவர்களிடம் மாறுபடுகிறேன். தேதிகளே வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொன்னால், 1850-ல் நடந்ததை 1876-க்குக் காரணமாக எழுதாமல், 1876-ல் நடந்ததை 1850-க்குக் காரணமாக எழுதிவிடுவார்கள். கொள்குறியிலும், கொடுத்த துணுக்கு எந்தக் காலம் என்று பிடிபட்டாலே நான்கு விடையில் இரண்டு தானாகக் கழியும். நூற்றுக்கணக்கில் வேண்டாம். இருபத்தைந்து முப்பது போதும். ஒவ்வொன்றும் முன்னது வேறு, பின்னது வேறு என்று சொல்லும்படி ஒரு திருப்பமாக இருக்கணும்.

1763-க்கு முன் தளர்வு, பின் கெடுபிடி. 1787-க்கு முன் தளர்ந்த கூட்டமைப்பு, பின் வலுவான மைய அரசு. 1820-ல் அடிமைமுறைக்கு எல்லை வகுத்த மிசௌரி உடன்பாடு, 1854-ல் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அதைக் கலைத்தது. 1848-ல் மெக்சிகோவிடமிருந்து பெரும் நிலம், அதனால் அடிமைமுறை எங்கே பரவலாம் என்ற சண்டை. 1877-ல் தெற்கில் கறுப்பின மக்களுக்கு இருந்த ராணுவப் பாதுகாப்பு விலகியது, 1896-ல் இனப் பிரிவினையை அனுமதித்த ப்ளெஸ்ஸி தீர்ப்பு, 1954-ல் பள்ளிகளில் அதைச் செல்லாது என்ற பிரௌன் தீர்ப்பு. இவற்றை ஒரு நீளத் தாளில் கோடு போட்டு எழுதி, இரண்டு தேதிக்கு நடுவில் ஏன் என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். அந்த அம்புக்குறிகள்தான் கட்டுரையாக மாறும்.

குழம்புகிற ஜோடிகளைத் தனித் தாளில் வைக்கணும். முதல் மத எழுச்சி 1730, 40-களில், இரண்டாவது 1800-க்குப் பிறகு. இரண்டாவதுதான் மதுவிலக்கு, அடிமை ஒழிப்பு இயக்கங்களுக்கு உரம் போட்டது. பாப்புலிஸ்டுகள் பெரும்பாலும் விவசாயிகள், 1890-கள். புரொகிரஸிவ்கள் என்ற சீர்திருத்தக்காரர்கள் நகரத்து நடுத்தர வர்க்கம், அதற்கு அடுத்த இருபது ஆண்டு. சிவப்பு அச்சமும், அதாவது கம்யூனிஸ்டுகளைக் கண்டு வந்த பீதியும், இரண்டு: 1919-20 ஒன்று, 1940-களின் கடைசியிலிருந்து மெக்கார்த்தி காலம் இன்னொன்று. இவற்றை மாற்றி எழுதினால் சான்று மதிப்பெண் கைவிட்டுப் போகும்.

இன்னொரு யோசனை. ஒன்பது காலத்தையும் குறுக்கே வெட்டிப் போகிற ஏதாவது ஒரு சரட்டை மகளே தேர்ந்தெடுத்து ஆழமாகப் படிக்கட்டும். குடியேற்றத்தை எடுத்தால் நம் பிள்ளைகளுக்கு அது வெறும் பாடமாக இருக்காது. 1882-ல் சீனர்களைத் தடுத்த சட்டம். 1917-ல் ஆசியத் தடை மண்டலம், இந்தியாவும் அதற்குள். 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமைச் சட்டம் சொல்லும் வெள்ளையர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர் அவர். 1924-ல் நாட்டுவாரி ஒதுக்கீடு. 1946-ல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று கதவு லேசாகத் திறந்து, குடியுரிமை பெறும் உரிமையும் வந்தது. 1965 சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. இன்று இங்கே இவ்வளவு தமிழ்க் குடும்பங்கள் இருப்பதற்கு வழி திறந்தது அந்தச் சட்டம். குடிமை உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த அதே ஆண்டு அது வந்தது ஏன் என்று யோசித்து மகள் ஒரு பத்தி எழுதட்டும். நல்ல நெடுங்கட்டுரைக்கு வேண்டிய சரக்கு அதிலேயே இருக்கிறது.

மருதாணி:

மூவருக்கும் மிக்க நன்றி. வரைபடத்திலிருந்து தொடங்கிவிட்டோம். நேற்று குறுவிடை ஒன்று எழுதிப் பார்த்தாள். "1832-33 நல்லிஃபிகேஷன் நெருக்கடிக்கு ஒரு காரணத்தை விளக்குக" என்பதற்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறாள். அன்றைய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பிறந்த ஊரிலிருந்து ஆரம்பிக்கிறாள். எவ்வளவு எழுதினால் போதும்? டியூஷன் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

வைகறை:

அக்கா, குறுவிடையில் முன்னுரையும் வேண்டாம், தீசிஸும் வேண்டாம். ஒவ்வொரு கேள்வியிலும் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு, பிரிவுக்கு 1 மதிப்பெண். ஒரு கேள்விக்கு 13 நிமிடம் என்றால் பிரிவுக்கு நான்கு நிமிடம். மூன்று வாக்கியம் போதும்: பதில், குறிப்பான சான்று, அந்தச் சான்று எப்படிப் பதிலாகிறது. உங்கள் கேள்விக்கு இப்படி:

"முக்கியக் காரணம் பாதுகாப்புச் சுங்க வரி. 1828, 1832 சட்டங்கள் இறக்குமதிப் பொருட்களின் விலையை ஏற்றின. பருத்தியை ஏற்றுமதி செய்து பொருட்களை வெளியிலிருந்து வாங்கிய தென் கரோலினா, இதை வடக்கின் தொழிற்சாலைகளுக்காகத் தெற்கு தரும் விலையாகப் பார்த்தது. அதனால்தான் மாநிலத்துக்குக் கேடான மத்தியச் சட்டத்தைச் செல்லாததாக்கலாம் என்ற தன் தலைவர் கல்ஹூனின் வாதத்தைக் கையிலெடுத்து, 1832 நவம்பரில் அந்தச் சட்டங்களைச் செல்லாது என்று அறிவித்தது."

ஜாக்சன் பிறந்த ஊருக்கு மதிப்பெண் இல்லை. புள்ளி போட்டுப் பட்டியலாகவும் எழுதக்கூடாது, முழு வாக்கியமாக இருக்கணும். "விளக்குக" என்று கேட்டால் "அதனால்" என்ற சொல்லோ அதன் பொருளோ விடையில் இருக்கிறதா என்று மகளே பார்த்துக்கொள்ளலாம். "அடையாளம் காட்டுக" என்றால் ஒரு வாக்கியமே போதும்.

நாவற்குழி:

வணக்கம். டியூஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோடையில தேவையில்லை எண்டுதான் சொல்லுவன். காசு குடுத்து எடுக்கிற பயிற்சிப் புத்தகங்களை விட, இந்தச் சோதினையை நடத்திற காலேஜ் போர்ட் தன்ர தளத்தில இலவசமாப் போட்டிருக்கிற பழைய எழுத்து வினாக்கள் பெறுமதியானவை. வினாவோட மதிப்பெண் விதியும், மாணவர்கள் எழுதின மாதிரி விடைகளும், ஒவ்வொண்டுக்கும் ஏன் இத்தனை புள்ளி எண்ட விளக்கமும் இருக்கும். அந்த விளக்கத்தைக் கட்டாயம் வாசிக்க வேணும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. பிள்ளை முதல்ல தான் ஒரு டிபிக்யூ எழுதட்டும். பிறகு மாதிரி விடை மூண்டையும் புள்ளியை மறைச்சு வைச்சுத் தானே திருத்தட்டும். அதுக்குப் பிறகு உண்மையான புள்ளியைப் பார்த்து எங்க பிழைச்சது எண்டு குறிக்கட்டும். கடைசியாத் தன்ர விடையைத் திருத்தட்டும். மற்ற ஆக்களின்ர எழுத்தில பிழை தெரியிற அளவுக்குத் தன்ர எழுத்தில தெரியாது, அதுக்காகத்தான் இந்த ஒழுங்கு. 2024-க்கு முந்தின தாளெண்டால் வைகறை சொன்ன புது விதியை வைச்சுத் திருத்துங்கோ.

2025 மே மாதத்திலிருந்து இந்தச் சோதினை முழுக்கக் கணினியில, ப்ளூபுக் செயலியில நடக்குது. கட்டுரையும் தட்டச்சுத்தான். உங்கட மகள் கையால எழுதிப் பழகின பிள்ளையெண்டால், தட்டச்சு வேகத்தையும் இந்தக் கோடையிலயே பாருங்கோ. நிமிசத்துக்கு 25 சொல்லுக்குக் குறைவாக இருந்தால் நெடுங்கட்டுரை முடியிறது கஷ்டம். ஒரு நாளைக்குப் பதினைஞ்சு நிமிசம் பழகினாலே கூடும். எழுதேக்க எழுத்துப்பிழை திருத்தியை நிப்பாட்டி வைச்சுப் பழகட்டும். முதல் வரைவில சின்ன இலக்கணப் பிழை இருந்தாலும் கருத்து விளங்கினால் புள்ளி குறைக்க மாட்டினம், அதனால ஒவ்வொரு வரியையும் அழிச்சு அழிச்சு எழுதத் தேவையில்லை. ஆவணத்தைத் திரையில வாசிக்கிறதும் கடதாசியில வாசிக்கிறதும் வேற. ப்ளூபுக்கில மாதிரிச் சோதினை ஒண்டைத் திறந்து, அதுக்குள்ளயே வரிகளைக் குறிச்சு வைக்கிற வசதியைப் பாவிச்சுப் பழகச் சொல்லுங்கோ.

பள்ளி துவங்கின பிறகு முதல் ரெண்டு கட்டுரைக்குப் புள்ளி குறைவாகத்தான் வரும், பயப்பிட வேண்டாம். ரெண்டிலயும் ஒரே இடத்தில, உதாரணத்துக்குப் பின்னணியில மட்டும், புள்ளி போனால் ஆசிரியரிட்ட அந்த ஒரு பத்தியை மட்டும் திரும்ப எழுதிக் கொண்டுபோய்க் காட்டட்டும். முழுக் கட்டுரையையும் தூக்கிக்கொண்டு போனால் பார்க்க அவையளுக்கு நேரம் இருக்காது.